மிதிவண்டியும் பழுது நீக்கும் கையும்

வரலாறு என்றால் அரண்மனையை நினைப்போம். நான் இன்று சைக்கிளின் வரலாற்றைக் கூற விழைகின்றேன்.

1888ஆம் ஆண்டில் டன்லப் என்பார் மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். பயணம் இனிதாயிற்று; உடன்பிறப்பாகப் பஞ்சரும் வந்தது! டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தை உரசி, ஒட்டுப் போடும் கைத்தொழிலும் வேண்டியதாயிற்று.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். பெண்களுக்குரிய வண்டிகள் கிடைக்காதபோது, அவர்கள் ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். குறுக்குக் கம்பியிற் குழந்தையை அமர்த்திக்கொண்டனர். பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திருந்த காலம் மாறிற்று.

2005-06ஆம் கல்வியாண்டிலிருந்து தமிழக அரசு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தை விரிவாக்கியது. வண்டி கிடைப்பது ஒருநாள் நிகழ்ச்சி. அதனை ஓடவைப்பதோ அன்றாடப் பணி. சங்கிலி அறுந்த வண்டி திண்ணையில் துருப்பிடித்தால், மகளின் படிப்பும் அங்கேயே நின்றுவிடக்கூடும்.

ஆகவே, ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயம் போன்ற ஊர்களில் பொதுப் பட்டறை ஒன்று வேண்டுமென்பேன். பழைய வண்டிகள் இரண்டின் நல்ல உறுப்புகளைக் கொண்டு ஒன்றை ஓடச்செய்யலாம். அங்கே ஸ்பேனர் பிடிக்க மாணவியரும் முன்வருவார்களாக!