பெட்டியின் குரல்

1889-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் பாலே ராயல் என்னும் மதுக்கடையில் லூயி கிளாஸ் என்பவர் கொண்டுவந்து நிறுத்திய யந்திரம், ஐந்து சென்ட் காசு போட்டால் பாடியது. ஆனால் அது பாடுவது பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்கவில்லை. எடிஸனுடைய மெழுகுருளைப் போனோகிராப் ஒன்றை மின்கலங்களால் சுழலவைத்து, அதிலிருந்து நான்கு குழாய்களை வெளியே நீட்டி, ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியே ஒரு காசுத் துளையும் அமைத்திருந்தார்கள். காசு போட்டவன் குழாயின் நுனியைத் தன் காதில் பொருத்திக்கொண்டு கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் அடுத்தவனுக்காக அந்த நுனியைத் துடைத்து வைக்கத் துண்டும் தொங்கியது. காரியாலயங்களில் கடிதம் சொல்லி எழுதுவிப்பதற்கென்றே தம் கருவி பிறந்ததாக எண்ணியிருந்த எடிஸனுக்கு இந்த வேடிக்கை ருசிக்கவில்லையாயினும், ஆறு மாதத்திற்குள் ஆயிரம் டாலருக்கு மேல் அந்த ஒற்றைப் பெட்டி ஈட்டித் தந்ததைப் பார்த்தபின் வியாபாரிகளை யாரால் தடுக்க முடியும்?

பிற்காலத்தில் ஜூக்பாக்ஸ் என்று பெயர் பெற்ற பாட்டுப் பெட்டியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காசைப் பற்றியும் இசைத்தட்டைப் பற்றியுமே பேசுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதன் தலைவிதியை நிர்ணயித்தது சப்தத்தின் பலம். 1906-இலேயே ஷிகாகோவில் ஜான் கேபெல் என்பவர், இருபத்துநான்கு இசைத்தட்டுகளில் வேண்டியதைத் தானே எடுத்து வைத்து, ஊசியையும் தானே மாற்றிக்கொள்ளும் அதிசாமர்த்தியமான யந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார். இருந்தும் என்ன பயன்? அதன் பெரிய புனல் எவ்வளவு முயன்றாலும், கோப்பைகள் மோதும் ஓசையும் குடித்தவர்களின் கூச்சலும் நிறைந்த கூடத்தில் அதன் குரல் எடுபடவில்லை. ஆகவே இன்னும் இருபது வருஷ காலம் அந்தக் கூடங்களை ஆண்டது, காகிதச் சுருளைப் பார்த்துத் தானே வாசித்துக்கொள்ளும் பியானோதான்.

1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர், காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச் சுருளில் காகிதக் கூம்பைப் பிணைத்து, இன்றைய ஒலிபெருக்கிகளுக்கெல்லாம் மூலமான உருவத்தை வெளியிட்டார்கள். அதே வருஷம் மின்சார ஒலிப்பதிவும் கடைக்கு வந்தது. இரண்டே வருஷத்தில், மிச்சிகன் ராஜ்யத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் பியானோ செய்துகொண்டிருந்தவர்களின் வழிவந்த ஏ.எம்.ஐ. கம்பெனி மின்சாரத்தால் குரல் பெருக்கிய பாட்டுப் பெட்டியை விற்கத் தொடங்கியது; மறு வருஷம் ஸீபர்க் என்பவர், எட்டுத் தட்டுகளை ராட்டினம்போல் சுழலும் சக்கரத்தில் ஏற்றி வைத்தார். பேசும் படம் வந்து தியேட்டர் ஆர்கன்களுக்கு வேலை இல்லாமற் செய்துவிட, திகைத்து நின்ற வுர்லிட்ஸர் கம்பெனியும், 1933-இல் மதுவிலக்கு நீங்கி மதுக்கடைகள் மறுபடி திறந்த சமயம் பார்த்து, பின்னாளில் ஸெனட்டராக விளங்கிய ஹோமர் கேப்ஹார்ட்டின் துணையோடு இந்தத் தொழிலில் இறங்கியது.

யுத்தம் முடிந்து 1946-இல் பால் புல்லர் வகுத்த வுர்லிட்ஸர் 1015 என்ற பெட்டியைத்தான், வளைந்த முகடும், வர்ணம் மாறும் தூண்களும், குமிழி ஏறும் கண்ணாடிக் குழாய்களுமாக, எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஐம்பத்தாறாயிரத்திற்கு மேல் விற்ற அந்தப் பெட்டி பாடியதோ இருபத்துநான்கே பாட்டு. இரண்டு வருஷத்திற்குள் ஸீபர்க் கம்பெனி ஐம்பது தட்டுகளை நிமிர்த்தி நிறுத்தி, இரு பக்கமும் வாசித்து, நூறு பாட்டு தரும் யந்திரத்தைக் கொண்டுவந்தது. அலங்காரத்தின் ஆட்சி அத்துடன் ஆட்டங்கண்டது.

1990-களில் எர்லாங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வகுத்த எம்.பி.3 முறை, குறுந்தட்டில் பத்து மெகாபைட் பிடித்த ஒரு நிமிஷப் பாட்டை ஏறக்குறைய ஒரு மெகாபைட்டில் அடக்கியபின், பாட்டின் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லாமற் போயிற்று. தட்டை எடுக்கும் கை, காசை எண்ணும் பல்சக்கரம், பொத்தான் வரிசை ஆகிய அனைத்தின் வேலையையும் பழைய கணினி ஒன்றும் தொடுதிரை ஒன்றும் செய்துவிடுகின்றன. ஆகவே தன் வீட்டுக் கொட்டகையில் ஜூக்பாக்ஸ் செய்ய முனைகிற மேல்நாட்டு அமெச்சூர் தொழிலாளியின் உழைப்பில் பெரும்பகுதி, மரப்பலகைக்கும் ஒலிபெருக்கிக்குமே போகிறது. கேபெல் தோற்ற இடத்திலேதான் அவனும் பரீட்சை எழுதுகிறான்.

அந்தப் பரீட்சை சுலபமானதன்று. கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் எதிரெதிர் அலைகளாகையால், பின்புறம் திறந்த பெட்டியில் அவை வளைந்து வந்து சந்தித்து, கீழ்ஸ்தாயி நாதத்தை ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியை முழுதும் அடைத்துவிடலாம். அல்லது பெல் ஆராய்ச்சிசாலையின் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, கணக்கிட்ட நீளமுள்ள குழல் ஒன்றை முகப்பில் பொருத்தி, குடத்தின் வாயில் ஊதினால் உள்ளே காற்று முழங்குவதுபோல, பின்னலையையே நமக்கு ஊழியம் செய்ய வைக்கலாம். குழலின் நீளத்தையும் பெட்டியின் கொள்ளளவையும் ஊகத்தால் தீர்மானித்துக்கொண்டிருந்த காலம், 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் வெளியிட்ட கட்டுரையாலும், அதை விரிவாக்கிய ரிச்சர்ட் ஸ்மால் என்பவரின் கணிதத்தாலும் முடிந்தது. விளம்பரத்தில் காணும் வாட் எண்ணைக் கண்டு மயங்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: மின்சக்தியை இரட்டித்தால் கூடுவது மூன்றே டெஸிபெல், காதுக்கு இருமடங்கு உரக்கக் கேட்கவேண்டுமானால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகையால் குறைந்த சக்தியில் நிறைந்த குரல் தரும் பதினைந்து அங்குல ஒலிபெருக்கியே, பெரிய ஆம்ப்ளிஃபையரைக் காட்டிலும் நல்ல முதலீடு.

பழைய பெட்டிகளில் ஒலிபெருக்கியின் அதிர்வு ஊசியை எட்டாதிருக்க, தட்டுச் சுழற்றும் யந்திரத்தைச் சுருள்வில்லில் ஏற்றி வைத்தார்கள். இன்றைய கைத்தொழிலாளி அதே காரணத்தால் கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தடித்த பலகைச் சுவர் எழுப்பித் தனித்தனி அறைகள் வகுக்கிறான். சுழலும் வன்தட்டு இருந்தால் அதற்கு ரப்பர் மெத்தையும் இடுகிறான். பழைய வுர்லிட்ஸர் கூடு கிடைத்தால் அதற்குள் இதையெல்லாம் புகுத்திவிடலாமே என்று சிலருக்கு ஆசை எழுவது இயற்கை. யந்திரம் செத்துப்போன வெறுங்கூடாயின் எனக்கு ஆட்சேபணையில்லை. பாடிக்கொண்டிருக்கும் 1015 ஒன்றின் உட்புறத்தைப் பிடுங்கிக் கணினியை வைக்கிறவனை மாத்திரம் என்னால் மன்னிக்க முடியாது. தச்சுவேலை தெரிந்தவனுக்குப் புதுப்பெட்டி செய்ய இரண்டு பலகையா கிடைக்காது?