ஃபோர்டு எஃப்-வரிசைப் பழைய பிக்கப்களில் துவக்க மின்கோளாறு

ஃபோர்டு எஃப்-வரிசைப் பழைய பிக்கப் சரக்குந்துகளில் சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலாதிருத்தல், மிக மெதுவாகச் சுழலுதல், சுழன்றும் பற்றிக்கொள்ளாதிருத்தல் ஆகியவை துவக்க மின்கோளாறுகள் எனப்படும். இக்கோளாறுகளில் பல துவக்கி மோட்டார் பழுதானதால் ஏற்படுவதில்லை. மின்கலம், கம்பி இணைப்பு, ரிலே, எர்த் இணைப்பு ஆகியவற்றாலும் இதே அறிகுறிகள் தோன்றும். எனவே மோட்டாரை மாற்றுவதற்கு முன் சுற்றை வரிசையாகச் சோதிப்பது வீண்செலவைத் தவிர்க்கும். இக்கட்டுரை 1970களிலும் 1980களிலும் வெளிவந்த, பெட்ரோலில் இயங்கும் 12 வோல்ட் வண்டிகளைப் பற்றியது.

பின்னணி

சார்லஸ் கெட்டரிங் 1911 இல் உருவாக்கிய மின்துவக்கி, 1912 ஆம் ஆண்டுக் காடிலாக் மகிழுந்துகளில் இடம்பெற்றது. எஃப்-வரிசைச் சரக்குந்துகள் 1948 ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமாயின. தொடக்கத்தில் 6 வோல்ட் மின்னமைப்பைக் கொண்டிருந்த இவ்வண்டிகள் 1956 முதல் 12 வோல்ட்டுக்கு மாறின.

சுற்றின் அமைப்பு

பேட்டரி எனப் பரவலாக அழைக்கப்படும் மின்கலத்தின் நேர்முனையிலிருந்து வரும் தடித்த கம்பி, எஞ்சின் அறையின் உட்புற மட்கார்டுத் தகட்டில் பொருத்தப்பட்ட துவக்கு ரிலேயை அடைகிறது. அங்கிருந்து மற்றொரு தடித்த கம்பி மோட்டாருக்குச் செல்கிறது. ரிலேயில் இரண்டு பெரிய முனைகளும் இரண்டு சிறிய முனைகளும் உள்ளன.

• 'எஸ்' முனை: சாவியைத் துவக்க நிலைக்குத் திருப்பும்போது மின்சாரம் பெற்று ரிலேயை இயக்குகிறது. தானியங்கிப் பற்சக்கர வண்டிகளில் இக்கம்பி நடுநிலைக் காப்பு ஆளியின் வழியாக வருகிறது.
• 'ஐ' முனை: எஞ்சின் சுழலும் நேரத்தில் மட்டும், தடைக் கம்பியைத் தவிர்த்துத் தீப்பொறிச் சுருளுக்கு நேரடி மின்னழுத்தம் தருகிறது.

ரிலேயின் சுருளுக்கான எர்த் இணைப்பு, அதன் பொருத்துத் தகடு மட்கார்டைத் தொடுவதன் மூலமே கிடைக்கிறது. துருப்பிடித்த மட்கார்டு இதைத் துண்டித்துவிடும். அப்போது புதிய ரிலேயும் இயங்காது.

அறிகுறிகள்

முகப்பு விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்பினால் கோளாறு எப்பகுதியில் உள்ளது என்பதை ஓரளவு அறியலாம்.

• விளக்கு மங்காமல், ஒலியும் இல்லாதிருந்தால்: கட்டுப்பாட்டுச் சுற்றில் கோளாறு.
• விளக்கு மங்காமல், ரிலேயில் ஒருமுறை 'டக்' ஒலி கேட்டால்: ரிலேயின் தொடுமுனை, மோட்டாருக்குச் செல்லும் கம்பி அல்லது மோட்டார்.
• 'டக் டக்' என்று விரைவாக ஒலித்தால்: மின்கலம் வலுவிழந்துள்ளது அல்லது அதன் கவ்விகள் தளர்ந்துள்ளன.
• விளக்கு மிகவும் மங்கினால்: மின்கலம், அதன் இணைப்புகள் அல்லது இறுகிப்போன மோட்டார்.
• எஞ்சின் சுழன்றும், சாவியை விடும்போதுதான் பற்றினால்: 'ஐ' முனைச் சுற்று. மாறாக, பற்றிய எஞ்சின் சாவியை விட்டதும் நின்றால்: தடைக் கம்பி அல்லது சாவி ஆளி.

சோதனை முறை

1. ஓய்வில் உள்ள மின்கலம் முழுமையாக மின்னேற்றம் பெற்றிருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.0 வோல்ட் என்பது பெரும்பகுதி தீர்ந்த நிலை. எஞ்சினைச் சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்கலத்தைச் சுமையேற்றிச் சோதிக்க வேண்டும்.
2. சாவியைத் திருப்பியபடி 'எஸ்' முனையை அளக்க வேண்டும். மின்னழுத்தம் இல்லையெனில் சாவி ஆளி, நடுநிலை ஆளி, இடைக்கம்பி ஆகியவற்றை ஆராய வேண்டும். பார்க் நிலையில் இயங்காத வண்டி நியூட்ரலில் இயங்கினால் நடுநிலை ஆளியே ஐயத்திற்குரியது.
3. 'எஸ்' முனையில் மின்னழுத்தம் இருந்தும் ரிலே ஒலிக்காவிட்டால், அதன் எர்த் இணைப்பைச் சுரண்டித் துப்புரவாக்கிய பின்னரே ரிலேயைக் குறைகூற வேண்டும்.
4. ரிலே ஒலித்தும் மோட்டார்ப் பக்க முனைக்கு மின்னழுத்தம் வராவிட்டால் தொடுமுனைகள் கருகியுள்ளன.
5. எஞ்சின் சுழலும்போது மின்கல நேர்முனைக்கும் மோட்டார் முனைக்கும் இடையிலான இழப்பு சுமார் 0.5 வோல்ட்டையும், எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலான இழப்பு 0.2 வோல்ட்டையும் தாண்டக்கூடாது.

கம்பிகளை மின்தடைமானியால் மட்டும் சோதிப்பது போதாது. மோட்டார் 200 ஆம்பியர் எடுக்கும்போது 0.01 ஓம் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். இச்சிறு தடையைச் சாதாரணக் கருவி காட்டாது. உள்ளே அரித்துப்போன கம்பியும் அதில் நல்ல கம்பியாகவே தோன்றும்.

பாதுகாப்பு

ரிலேயின் இரு பெரிய முனைகளையும் திருப்புளியால் இணைத்து எஞ்சினைச் சுழற்றுவது நெடுங்கால வழக்கம். இது நடுநிலைக் காப்பு ஆளியைத் தவிர்த்துவிடுவதால், கியரில் உள்ள வண்டி முன்னே நிற்பவர் மீது பாயக்கூடும். கைத்தடையை இட்டு, கியரை விடுவித்து, சக்கரங்களுக்கு அடைகட்டை வைக்காமல் இதைச் செய்யலாகாது.

மின்னேற்றத்தின்போது மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுவதால், அதனருகே தீப்பொறி எழக்கூடாது. வேறு வண்டியின் மின்கலத்திலிருந்து மின்சாரம் பெறும்போது, கடைசி எதிர்முனை இணைப்பை மின்கலத்திற்குத் தொலைவில், எஞ்சின் உலோகத்தில் கொடுக்க வேண்டும். ரிலேயின் பெரிய முனை எப்போதும் மின்கலத்துடன் இணைந்திருப்பதால், ரிலேயைக் கழற்றும் முன் எதிர்முனைக் கம்பியை அகற்ற வேண்டும். தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் சுழன்றாலும் மின்கல இணைப்பைத் துண்டிப்பதே வழி.