பேசாப்படக் காலம்: மாமனார் வீட்டில் பிடிபட்ட ‘கள்ளன்’

1931ஆம் ஆண்டு இந்திய சினிமா பேசத் தொடங்கியது. மார்ச் 14இல் பம்பாயில் ‘ஆலம் ஆரா’, ஒக்டோபர் 31இல் சென்னையில் ‘காளிதாஸ்’. அதே வருடம் கல்கத்தாவில் வாய் திறக்காத ஒரு நகைச்சுவைக் குறும்படமும் வந்தது. பெயர் ‘ஜமாய் பாபு’ (‘ஜமாய்’ என்றால் மாப்பிள்ளை). இயக்கியவர் காளிபத தாஸ்.

கோவர்தன் ஒரு பட்டிக்காட்டு மாப்பிள்ளை. மாமனார் வீட்டில் உபசாரம் காத்திருக்கிறது என்ற நினைப்பில் கல்கத்தாவுக்கு வந்து, வழி தவறி, ஊரெல்லாம் அலைகிறான். அவனோடு கமராவும் அலைகிறது. திறந்து பத்தே வருடமான விக்டோரியா மண்டபம் தெரிகிறது. ஹூக்ளி ஆற்றில் 1874 முதல் மிதந்துகொண்டிருந்த பழைய ஹவுரா பாலமும் தெரிகிறது. இன்றுள்ள இரும்புப் பாலம் 1943இல்தான் வந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை, புழுக்கத்தில் உக்கிப்போகிறவை. வங்காளப் பேசாப்படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் அழிந்தன. இந்தச் சிரிப்புப் படம் தப்பிப் பிழைத்ததால் அன்றைய தெருக்களும் தப்பின.

ஒருவழியாக வீடு போய்ச் சேர்ந்தும் மனைவியைத் தனியே காண வாய்க்கவில்லை. இரவில் அவள் அறைக்குள் பதுங்கி நுழையப் பார்க்கிறான். வீட்டார் கள்ளன் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வங்காளத்தில் கலியாணமான பெண் கணவன் வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் பிறந்த வீட்டுக்கு மாப்பிள்ளை எப்போதாவது வரும் விருந்தாளி. அவனுக்கு விருந்து வைக்கவே ‘ஜமாய் சஷ்டி’ என்று ஒரு நாள் உண்டு. வங்காளத்தின் முதல் பேசும் குறும்படத்துக்கும் அதே பெயர்தான், அதே 1931தான். ஆனால் விருந்தாளி அங்கேயே தங்கிவிட்டால் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று ஊர் சிரிக்கும்.

இலங்கையின் கிழக்கே, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, சாகாமம் வரை எங்கள் கரையில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை. இங்கே முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீட்டோடு மாப்பிள்ளைதான் வழமை. மகளுக்குச் சீதனமாக வீடு எழுதப்படும்; மாப்பிள்ளை அங்கே குடிவருவார். பிள்ளைகள் தாயின் ‘குடி’யை, அதாவது தாய்வழிக் குலத்தை, சேர்ந்தவர்கள்.

ஆகவே ‘ஜமாய் பாபு’வை எங்கள் பக்கம் எடுத்தால் கதையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். நடுச்சாமத்தில் கள்ளனென்று பிடிபடுகிறவன் மாப்பிள்ளையாக இருக்க முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் அவரைப் பார்க்க வந்த அவருடைய சொந்தத் தம்பிதான் மாட்டுவான். ‘கள்ளன், கள்ளன்’ என்று முதலில் கத்துகிறவரும் அந்த மாப்பிள்ளையாகவே இருப்பார்.

(தொடரும்)