அமிர்ததாரா: அடுப்பில்லாமல் உருகும் மருந்து



நாட்டு மருந்துக்கடையில் ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் சம எடையில் வாங்கி, ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குலுக்கி வைத்தால், சற்று நேரத்தில் எல்லாம் தைலமாகிவிடும். தண்ணீர் சேர்க்கவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. தலைவலிக்கும் ஜலதோஷத்துக்கும் தேய்க்கிறோமே, அதுதான். வடநாட்டில் இதற்கு அமிர்ததாரா என்று பெயர்.

ஆயிரம் வருஷத்து மருந்து என்று சிலர் சொல்வார்கள். ஓமமும் கற்பூரமும் பழையவைதான். ஆனால் ஓம உப்பாகிய தைமாலைத் தனியே பிரித்தவர் ஜெர்மனியின் காஸ்பர் நாய்மன், 1719இல். முதல் உலகப் போருக்கு முன்பு நம் நாட்டு ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்த்தான் தைமால் ஆனது. லாகூரில் பண்டிட் தாக்கூர் தத்த சர்மா 1901இல் 'அம்ரித் கி தாரா' என்று மருந்து விற்கத் தொடங்கி, 1903இல் 'அமிர்ததாரா' என்று பெயரை மாற்றினார். 1947 பிரிவினையில் லாகூரை விட்டு டேராடூன் வந்து மறுபடி கடை போட்டார். 'லட்சுமண்தாரா' என்று இன்னொருவர் பெயர் வைக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கவனமில்லாமல் வாங்கும் சராசரி ஆள் இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்வான் என்று 1962இல் நீதிபதிகள் சொன்னார்கள்.

பெயருக்கு இவ்வளவு சண்டை நடந்தது. சரி, குப்பிக்குள் நடப்பது என்ன?

காலை அசெம்பிளியில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். இரண்டு வகுப்பைக் கலந்து, அடுத்த வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடிக்கச் சொன்னால் வரிசை கலைந்துவிடும். மூலக்கூறுகளும் அப்படித்தான். தைமால் தன் இனத்தோடு அடுக்கி நிற்காமல் புதினா உப்பின் கையையும் கற்பூரத்தின் கையையும் பிடித்துக்கொள்கிறது. அடுக்கு குலைந்தால் திடப்பொருள் திரவமாகிவிடும். தனியே தைமால் உருக 50 டிகிரி வேண்டும். கற்பூரத்துக்கு 175க்கும் மேலே.

எளிதில் உருகும் இத்தகைய கலவைக்கு 1884இல் 'யூடெக்டிக்' என்று பெயரிட்டவர் ஃபிரெடரிக் குத்ரி. 2003இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபோட் குழுவினர், கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு ஒரு பங்கும் யூரியா இரண்டு பங்கும் கலந்தார்கள். தனித்தனியே 302, 133 டிகிரியில் உருகுபவை, கலந்தபின் 12 டிகிரி வரை திரவமாகவே நின்றன. நம் வயலில் போடும் அதே யூரியாதான்! 2011இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் சர்க்கரை, எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் போன்றவற்றாலும் இப்படிக் கரைப்பான்கள் செய்தார்கள். செடிகளின் செல்லுக்குள்ளும் தண்ணீர், எண்ணெய் தவிர இப்படி மூன்றாவது திரவம் இருக்கலாம் என்று கருதினார்கள். நச்சுக் கரைப்பான்கள் இல்லாமல் மூலிகைச் சாறு எடுக்க இன்று இவற்றை ஆராய்கிறார்கள்.

நம் வைத்தியர்கள் உருகுவதைக் கண்டு பயன்படுத்தினார்கள். ஏன் என்று கேட்டவர்கள் ஒரு துறையையே உண்டாக்கினார்கள். இரண்டும் மதிப்புதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பெருமை பேசும்போது இதை மறக்க வேண்டாம், மக்களே.

இன்னொன்று. இயற்கை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். பேரப்பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கவும் வேண்டாம், மூக்கில் தடவவும் வேண்டாம். குப்பியை உயரமான இடத்தில் வையுங்கள்.

உங்கள் வீட்டில் இந்தத் தைலத்துக்கு என்ன பெயர்? எழுதுங்கள்.