காரீயப் புகையும் பெங்களூரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழில் ஈயம் இரண்டு வகை: வெள்ளீயம், காரீயம். நம் வீட்டு ரசத்துக்கு மணம் தரும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதைக்கொண்டுதான். காரீயமோ நஞ்சு. அதை உருக்கும் தொழிலால் காற்று கெட்ட கதையையும், அதைத் திருத்த நடந்த முயற்சிகளையும் இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த மாசு இன்று நேற்று வந்ததல்ல. கிரீன்லாந்துப் பனியைத் துளையிட்டு ஆராய்ந்தவர்கள், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் ரோமானியர் கால உருக்குலைகளின் ஈயத் துகளைக் கண்டார்கள். காரணம் எளிது. காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆனால் அதன் சேர்மங்களிலிருந்து உலோகத்தைப் பிரிக்க அதைவிடப் பல மடங்கு சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகி, நுண்துகளாகக் காற்றில் கலக்கிறது. கூடவே கந்தக டை ஆக்சைடும் வெளியேறுகிறது.

இதற்கு வழி கண்டவர்களுள் முக்கியமானவர் கலிபோர்னியப் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரெடரிக் காட்ரெல். 1907-08 வாக்கில், புகைக்கு மின்னூட்டம் ஏற்றித் துகளைத் தகட்டில் படியவைக்கும் கருவியை அவர் உருவாக்கினார். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய செல்பி ஈய உருக்காலையில் அது பயன்பட்டது. பிடித்த துகளை மீண்டும் உலையில் போட்டால் ஈயமாகவே திரும்பக் கிடைக்கும். நஞ்சும் குறையும், நஷ்டமும் குறையும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெங்களூரில் ஈயச் சுரங்கம் கிடையாது. இங்கே கார், ஆட்டோ, இன்வர்ட்டர் ஆகியவற்றின் பழைய பேட்டரிகள்தான் சுரங்கம். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயமே.

1990களின் பிற்பகுதியில் ஆபிரகாம் ஜார்ஜ் நிறுவிய ஜார்ஜ் ஃபவுண்டேஷன், பெங்களூர், சென்னை உள்ளிட்ட நகரங்களில் மக்களின் இரத்தத்தைப் பரிசோதித்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் பெங்களூரில் இதற்கென ஒரு பன்னாட்டு மாநாடும் கூடியது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ், ஈய நச்சுக்கான தேசிய மையத்தை வளர்த்தெடுத்தார். 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதன் பின் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் குறைந்தது.

பெட்ரோலில் முடிந்தது உருக்குத் தொழிலில் ஏன் முடியவில்லை? எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. ஓர் ஆணை போதும். பழைய பேட்டரியோ ஆயிரம் கைகளில் இருக்கிறது. 2001இல் வந்த பேட்டரி விதிகள், பழைய பேட்டரி பதிவுபெற்ற ஆலைக்கே போகவேண்டும் என்றன. 2022இல் வந்த புதிய விதிகள் அந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்தின. 2009இல் காற்றில் ஈயத்தின் ஆண்டுச் சராசரிக்கான வரம்பு கனமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என வகுக்கப்பட்டது.

சட்டம் இருக்கிறது, சரக்குதான் வேறு பக்கம் போகிறது. முறையான ஆலையில் அமிலத்தைத் தனியே வடித்து, உலைப் புகையைக் குளிரவைத்து, துணிப்பை வடிகட்டிகளில் துகளைப் பிடித்து, காரநீரால் கந்தகப் புகையைக் கழுவி, பிறகே புகைபோக்கியில் விடுவார்கள். கொல்லைப்புறப் பட்டறையில் கோடரியால் ஒரு போடு. அமிலம் சாக்கடைக்கு, ஈயம் திறந்த அடுப்புக்கு. வேலை செய்பவரின் சட்டையோடு ஈயத்தூசி வீட்டுக்குப் போகிறது. தவழும் குழந்தை தரையில் தடவிய கையை வாயில் வைக்கிறது. அதன் மூளை வளர்ச்சி குன்றுகிறது. அந்த இழப்பை எந்த மருந்தும் திருப்பித் தராது.

சென்னையில் காயலான் கடை என்போமே, இங்கே குஜிரி என்பார்கள். அப்படி ஒரு கடையில் நம்மூர்க்காரர் ஒருவரிடம் கேட்டேன்: "அண்ணே, இந்தப் பேட்டரியெல்லாம் கடைசியில எங்க போகுது?"

"யாரு கூட காசு குடுக்கறாங்களோ அவங்களுக்குத்தான் சார். கம்பெனிக்காரன் பில்லு, டாக்ஸுன்னு குறைச்சுப்புடுவான். உருக்கறவன் கைமேல காசு வைக்கிறான்."

விஷயம் அவ்வளவுதான். வடிகட்டி வைக்காதவனுக்குச் செலவில்லை. ஆகவே அவனால் அதிக விலை தர முடிகிறது. அந்தக் கூடுதல் காசில் நமக்கும் ஒரு பங்கு வருகிறது. கொடுப்பது மட்டும் யாரோ ஒரு தொழிலாளியின் பிள்ளை.

2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உள்ளதாக மதிப்பிட்டது. இதில் பாதிப்பில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

காட்ரெலின் கருவியும் துணிப்பையும் நூறாண்டுப் பழைய சங்கதிகள். தொழில்நுட்பம் இல்லாமல் நாம் தவிக்கவில்லை. அடுத்த முறை இன்வர்ட்டர் பேட்டரி மாற்றும்போது, பழையதைப் புதியது விற்கும் டீலரிடமே கொடுத்து ரசீது வாங்குங்கள். இருநூறு ரூபாய் குறைந்தால் குறையட்டும்.