கள்: ஒரு நாளுக்குள் முதிர்ந்துவிடும் பானம்

வடக்கில் கள்ளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தவறணை, அனுமதிப்பத்திரம், விலை என்பவற்றோடு நின்றுவிடுகிறது. முட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் சீவல் தொழிலாளியின் அன்றாட வருமானம் அந்த முட்டிக்குள் நடப்பதிலேயே தங்கியிருக்கிறது.

பியரும் கள்ளும்

பியரும் கள்ளும் நொதித்தலால் உருவாகும் பானங்கள். மதுவம் எனப்படும் ஈஸ்ட் வெல்லத்தை உண்டு அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. இரண்டுக்கும் அடிப்படை இதுதான். வேறுபடுவது அதற்கு எடுக்கும் காலம்.

பார்லியில் இருப்பது பெரும்பாலும் மாப்பொருள். முளைக்கவைத்து உலர்த்திய தானியத்தை ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால்தான் அது வெல்லமாக மாறும். பின்னர் அந்தச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மதுவம் சேர்ப்பார்கள். வழக்கமான ஏல் வகைப் பியர் 20 பாகை அளவில் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் நொதிக்கும். போத்தலில் அடைத்தபின் வாயு ஏறவும் சுவை தெளியவும் மேலும் சில வாரங்கள் தேவை.

பனை இந்த வேலையின் பாதியைத் தானே செய்துவிடுகிறது. பாளையிலிருந்து வடியும் சாற்றில் 10 வீதத்துக்கும் அதிகமான வெல்லம் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. மதுவத்தை எவரும் வாங்கிச் சேர்ப்பதில்லை. காற்றிலும், பூச்சிகளின் உடலிலும், முட்டியில் ஒட்டியிருக்கும் பழைய மண்டியிலும் அது இருக்கிறது. அதனால் முட்டி மரத்தில் தொங்கும்போதே நொதித்தல் தொடங்கிவிடுகிறது.

முட்டிக்குள் ஒரு நாள்

மரத்திலிருந்து வடியும் புதுச் சாறு இனிப்பானது. அதில் புளிப்பு இல்லை. நமது வெப்பநிலை 30 பாகையை அண்டியிருப்பதால் மதுவம் விரைந்து பெருகும். சில மணி நேரத்தில் நுரை எழும். இலற்றிக்கமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாக்களும் உடன் வேலை செய்வதால் புளிப்பு ஏறும். ஏறத்தாழ ஒரு நாளில் அற்ககோல் 5 வீதத்தை அண்மிக்கும். பியர் வாரக்கணக்கில் அடையும் நிலை இது.

பியர்போல் இதை வைத்து முதிரவிட முடியாது. காற்றுப் பட்ட கள்ளில் வேறு பற்றீரியாக்கள் அற்ககோலை அசற்றிக்கமிலமாக மாற்றத் தொடங்கும். நேற்றைய கள் இன்று கடுமையாகப் புளிப்பதற்கு இதுவே காரணம்.

சுண்ணாம்பின் வேலை

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மை அடையும். அதில் மதுவத்தால் வேலை செய்ய முடியாது. இப்படி இனிப்புக் கெடாமல் இறக்கும் சாறுதான் கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை. கள்ளா கருப்பநீரா என்பதைத் தீர்மானிப்பது சுண்ணாம்பு.

நேரம்தான் பணம்

சீவல் தொழிலாளி காலையிலும் மாலையிலும் மரம் ஏறவேண்டும். பாளையைச் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சாறு வடிவது குறையும். இறக்கிய கள் அன்றே விற்றாகவேண்டும். போர்க்காலத்தில் ஊரடங்கும் எறிகணை வீச்சும் இத்தொழிலை எவ்வளவு பாதித்திருக்கும் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். மரம் ஏற முடியாத ஒவ்வொரு நாளும் இழந்த நாள்தான்.

இந்த நேர நெருக்கடியைத் தளர்த்த மூன்று வழிகள் உண்டு. கள்ளை வடிகட்டிச் சூடாக்கி, நுண்ணுயிர்களை அழித்துப் போத்தலில் அடைக்கலாம். அது மாதக்கணக்கில் கெடாது. புளித்த கள்ளை மேலும் சில வாரங்கள் காற்றுப்பட வைத்து வினாகிரி ஆக்கலாம். வடிசாலையில் வடித்துச் சாராயம் ஆக்கலாம். சாராயத்தை மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கவும் முடியும். பருவத்தில் மிஞ்சும் கள்ளை வாங்கி வடிப்பதற்கென்றே வடமராட்சியில் திக்கம் வடிசாலை உருவானது. கள் இறக்குவதற்கும் சாராயம் வடிப்பதற்கும் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அனுமதியின்றி வீட்டில் வடிப்பது சட்டவிரோதம் மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

எஞ்சிய மரங்கள்

எறிகணைகளால் தலையிழந்த பனைகளும், காப்பரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்ட பனைகளும் ஏராளம். இன்று நடும் பனம்விதை பாளை தள்ளப் பதினைந்து ஆண்டுகள் வரை, சில வேளை அதற்கும் மேல் ஆகும். அதுவரை எஞ்சியிருக்கும் மரங்களே சீவல் குடும்பங்களின் முதல். உயிரைப் பணயம் வைத்து இறக்கிய சாறு மறுநாள் புளித்து ஊற்றப்படாமல் இருக்கவேண்டுமானால், போத்தலில் அடைக்கும் வசதியும் வினாகிரித் தொட்டியும் சங்கங்களின் கையில், மரங்களுக்கு அருகிலேயே இருக்கவேண்டும். அரை நாள் பயணத்துக்கு அப்பால் இருக்கும் ஆலையால் பயன் குறைவு. கள் அதுவரை காத்திருக்காது.