சுயாதீன மின்னணு இசை: மறைந்ததும் மீண்டதும்

தந்தி, தோல், காற்று ஆகியவற்றால் அன்றி மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கி அமைக்கும் இசை மின்னணு இசை எனப்படும். திரைப்படத்துக்காகவோ விளம்பரத்துக்காகவோ அல்லாமல், கலைஞர் தம் விருப்பப்படி உருவாக்குவது சுயாதீன இசை. இவ்விரண்டும் சேர்ந்த இசையை இன்றைய மாணவர்கள் பெரும்பாலும் இணையத்தில்தான் கண்டடைகிறார்கள். அதனால் இது அண்மையில் மேலை நாடுகளிலிருந்து வந்த ஒன்று என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இந்தியாவில் இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி நெடுங்காலம் யார் காதிலும் விழாமல் கிடந்தது. அது எப்படி மறைந்தது, எப்படி மீண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சூழலிசை

ஆம்பியன்ட் எனப்படும் சூழலிசை, மின்னணு இசையோடு நெருங்கிய ஒரு வகை. இதில் தாளமும் பாடல் வரியும் பின்னுக்குச் செல்லும். நீண்டு ஒலிக்கும் ஒலிகளே முதன்மை பெறும். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் ஈனோ 1978-இல் வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ என்னும் இசைத்தொகுப்பு இப்பெயரை நிலைநிறுத்தியது. கச்சேரியில் பாடகர் தொடங்குவதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை நினைத்துப் பார்த்தால், இவ்வகை இசை நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

மின்கருவியில் மகுடி

1954-இல் வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்திப் படத்துக்கு ஹேமந்த் குமார் இசையமைத்தார். நாடெங்கும் புகழ்பெற்ற அதன் மகுடி ஒலி, உண்மையான மகுடியில் ஊதப்பட்டதன்று. கிளாவியோலின் என்னும் சிறிய மின்னணு விசைப்பலகையில் கல்யாண்ஜி வாசித்தது அது. மின்னணு ஒலி என்று அறியாமலேயே மக்கள் அதை ரசித்தனர். திரைப்படம் என்னும் வாகனம் இருந்ததால் அவ்வொலி தொலையவில்லை. பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினிவழி இசையைப் பயன்படுத்தினார். ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டிப் ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். திரைப்படத்துக்கு வெளியே உருவான இசைக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை.

அகமதாபாத் ஒலிக்கூடம்

தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்டது. அதை உருவாக்குவதில் சாராபாய் குடும்பத்தினர் பெரும்பங்கு வகித்தனர். அக்குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய், அக்காலப் பெண்கள் அரிதாகவே கற்ற பக்கவாஜ் என்னும் தாளக்கருவியைப் பயின்றவர். 1946-இல் நியூயார்க் சென்று ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளரிடம் மேலை இசையைக் கற்றார். பதிலுக்கு இந்திய இசையை அவருக்குக் கற்றுக்கொடுத்தார். மனத்தை அமைதிப்படுத்துவதே இசையின் நோக்கம் என்ற இந்தியக் கருத்தைக் கேஜ் இவர் வழியாகவே அறிந்தார். அது அவருடைய இசைச் சிந்தனையை மாற்றியது.

கேஜின் நெருங்கிய கூட்டாளியான டேவிட் டியூடர் 1969-இல் அகமதாபாத் வந்து, அந்நிறுவனத்தில் மின்னணு இசைக்கூடத்தை அமைத்தார். அதன் மையக் கருவி மூக் சிந்தசைசர். ஒலியை எழுப்பும் பகுதி, அதை வடிகட்டும் பகுதி, அதன் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி என அது தனித்தனிப் பகுதிகளாக இருக்கும். அவற்றை ஒயர்களால் எப்படி இணைக்கிறோமோ அதற்கேற்ப ஒலி மாறும். எழுந்த ஒலியை ஒலிநாடாவில் பதிவு செய்தால்தான் அது நிலைக்கும். அதே இணைப்பை மறுநாள் அப்படியே அமைப்பது எளிதன்று.

கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இக்கூடத்தில் இசை அமைத்தனர். 1970-இல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக அதுல் தேசாய் பதிவுகள் செய்தார். கட்டடக்கலை மாணவரான ஜோஷிபுரா விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்து இசைத்தார். இவற்றுள் எதுவும் அப்போது இசைத்தட்டாகக் கடைக்கு வரவில்லை. 1970-களின் தொடக்கத்திலேயே கூடத்தின் பணியும் நின்றது. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் தங்கிவிட்டன.

ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பின், பிரிட்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்காஸ் அந்த நாடாக்களைக் கண்டார். அவை சீர்செய்யப்பட்டு எண்ணிமக் கோப்புகளாக்கப்பட்டன. 2020-இல் பிபிசி வானொலி இதுபற்றி ஓர் ஆவண நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. 2023-இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்னும் தொகுப்பு வெளியாயிற்று. ஒரே ஒரு பிரதியாக இருந்த இசை அதன் பிறகே உலகெங்கும் கேட்கக் கிடைத்தது.

பத்து ராகங்கள்

சரண்ஜித் சிங் பம்பாய்த் திரையுலகில் வாத்தியக் கலைஞராகப் பணியாற்றியவர். 1982-இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு இசைத்து ஒரு தொகுப்பை உருவாக்கினார். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் தயாரித்த மூன்று கருவிகளே இதற்குப் போதுமானவையாக இருந்தன. பூபாளி, யமன், மால்கௌன்ஸ் ஆகியவை அவற்றுள் சில ராகங்கள். நாம் முறையே மோகனம், கல்யாணி, இந்தோளம் என்று அறிந்தவற்றுக்கு இணையானவை அவை. பெரிய நிறுவனம் வெளியிட்டாலும் இது எந்தப் படத்துக்காகவும் செய்யப்பட்டதன்று. அவருடைய சொந்தச் சோதனை முயற்சி.

அம்மூன்றில் ஒன்றான டிபி-303 கருவி, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். கமகத்தின் சாயல் அதில் ஓரளவு கிடைத்தது. இதே கருவியைக் கொண்டு அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள் ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் நடன இசையை 1980-களின் நடுவில் உருவாக்கினர். சிங்கின் இசைத்தட்டை அவர்கள் கேட்டிருந்ததாகச் சான்று இல்லை. இரு இடங்களிலும் தனித்தனியே நடந்த கண்டுபிடிப்பு அது. சிங்கின் தொகுப்பு அன்று விற்பனையாகவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் பழைய பிரதி ஒன்றைக் கண்டெடுக்க, 2010-இல் அது மறுவெளியீடு பெற்றது. இணையத்தில் பரவிய பின் சிங் முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-இல் காலமானார்.

இணையம் தந்த புதிய வழி

ஈழத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாயா அருள்பிரகாசத்தின் வளர்ச்சி வேறு வகையானது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, போரினால் லண்டன் திரும்பியவர் அவர். எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் ரோலண்டு எம்சி-505 என்ற ஒரே கருவியைக் கொண்டு பாடல்களை உருவாக்கினார். 2003-இல் ‘கலாங்’ என்னும் பாடல் சுமார் 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வந்தது. ஆனால் ரசிகர்கள் அதைக் கோப்பாக இணையத்தில் பகிர்ந்தனர். 2005-இல் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு வருவதற்கு முன்பே பலர் அவரை அறிந்திருந்தனர்.

பின்னர் சவுண்ட்கிளவுட், பேண்ட்கேம்ப் போன்ற தளங்கள் வந்தன. இசையை நேரடியாகக் கேட்பவரிடம் சேர்க்கவும், பேண்ட்கேம்ப் வழியே விற்கவும் கலைஞருக்கு வழி பிறந்தது. சிற்றூரில் இருப்பவரும் மடிக்கணினியில் இசைத்து அன்றே வெளியிடலாம்.

இணையம் காப்பகமா?

ஒலி எளிதில் அழியக்கூடியது. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்கள் பழந்தமிழ்ச் சுரப்பெயர்களையும் வாத்தியப் பெயர்களையும் கூறுகின்றன. நட்டபாடை, இந்தளம் என அவற்றுக்குரிய பண்களின் பெயர்களும் உள்ளன. ஆயினும் அன்று அவை எப்படி ஒலித்தன என்பதைக் கேட்க வழியில்லை. அதே ஊரில் 1905-இல் கிடைத்த இராசேந்திர சோழனின் 31 செப்பேடுகளை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்க முடிகிறது. எழுத்துக்குக் கிடைத்த இந்த ஆயுள், பதிவுக் கருவி வரும்வரை ஒலிக்கு வாய்க்கவில்லை.

இணையத்தில் ஏற்றினால் அது நிலைத்துவிடும் என்றும் கருத முடியாது. மைஸ்பேஸ் தளம் 2015-ஆம் ஆண்டு வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாடல்களைச் சேமிப்பக மாற்றத்தின்போது இழந்ததாக 2019-இல் தெரியவந்தது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் அழிந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. பேண்ட்கேம்ப் தளம் 2022-இலும் 2023-இலும் அடுத்தடுத்து இரு நிறுவனங்களுக்குக் கைமாறியது. அலமாரியில் கிடந்த அகமதாபாத் நாடாக்கள் தப்பின. கோடிக்கணக்கானோர் கேட்கக்கூடிய நிலையில் இருந்த பாடல்கள் தப்பவில்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

புதிய இசையைத் தேடுவோர் தளம் தானாகப் பரிந்துரைப்பதை மட்டும் கேட்பதோடு நிற்க வேண்டியதில்லை. ஒரு தொகுப்பு பிடித்திருந்தால், அதை வெளியிட்ட சிறு நிறுவனத்தின் பிற வெளியீடுகளைப் பார்க்கலாம். உடன் வாசித்தவர், ஒலிக்கலவை செய்தவர் ஆகியோரின் பெயர்களைக் கொண்டும் தேடலாம். கலைஞர் அனுமதித்திருந்தால் விலைக்கு வாங்கிக் கோப்பைத் தரவிறக்கி, கலைஞர் பெயர், ஆண்டு, கருவி ஆகிய விவரங்களுடன் இரண்டு இடங்களில் சேமித்து வைக்கலாம். தாமே இசை அமைப்பவர்களுக்கும் இது பொருந்தும். அகமதாபாத் நாடாக்களையும் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டையும் இன்று நாம் கேட்க முடிவதற்குக் காரணம், எங்கோ ஒரு பிரதி தூக்கி எறியப்படாமல் இருந்ததுதான்.